கெடு எழுதாத ஒன்பதாவது வரி

எங்கள் வீட்டுக் கடன்கள் என் செல்போனில் ஒன்பது வரிகளாக இருந்தன. திரையில் ஒரே நேரத்தில் எட்டு வரிகள்தான் தெரியும். ஒன்பதாவதைப் பார்க்க விரலால் மேலே தள்ள வேண்டும். பல மாதங்களாக நான் தள்ளவே இல்லை.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் பக்கம் வேலை பார்த்தவர். ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்தது. வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, ஸ்டீல் பிளேட் வைத்து அனுப்பினார்கள். அம்மாவின் செயின் அப்போது அடகுக்குப் போனது. சில மாதங்களில் தங்கம் விலை ஏறியதும், அதே செயின்மேல் இன்னும் கொஞ்சம் வாங்கினோம். அதற்குமேல் அதிலிருந்து எடுக்க ஒன்றும் இல்லை.

அந்தச் செயினை நாங்கள் யாரும் நகையாக நினைத்ததில்லை. அம்மா அதைப் போட்டுக்கொண்டு நான் பார்த்த நாட்கள் குறைவு. என் டிப்ளமோ முதல் வருடத்துக்கு அது போய் வந்தது. வீடு மாற்றியபோது அட்வான்ஸுக்குப் போய் வந்தது. இந்த முறை அது போன இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபத்தெட்டாம் தேதிக்குள் வட்டி பதினாலாயிரத்து நானூறு கட்டாவிட்டால் ஏலம். ஏலத்தில் போய்விட்டால், அடுத்த முறை ஆஸ்பத்திரி என்று ஒன்று வந்தால், எடுத்துக்கொண்டு ஓட எங்களிடம் எதுவும் இருக்காது.

நான் லெதர் டெக்னாலஜி படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். குறைகளைத் தரம் பிரிப்பது என் வேலை. ஷூவுக்குள் ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தால் அது கிரிட்டிக்கல். ஒரு ஜோடியில் இருந்தாலும் மொத்த லாட்டும் நிற்கும். தையல் விட்டிருந்தால் மேஜர். பசைக் கறை இருந்தால் மைனர், துடைத்தால் போய்விடும். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரைவரை இதே மூன்று வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு, வீட்டுக் கணக்கைப் பார்க்க வேறு வழி தெரியவில்லை.

அம்மா இன்னொரு கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்து அங்கே வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றானது. எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. வருகிற பணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்த மாதத்தில்தான் எக்செல்லில் இந்தப் பட்டியலைப் போட்டேன். பெயர், தொகை, வட்டி, கெடு, தரம். ஐந்து கட்டங்கள்.

பெண்கள் குழு லோன் கிரிட்டிக்கல். செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு ஒருத்தி வீட்டில் எல்லாரும் உட்கார வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்திருக்க முடியாது. அத்தனை பேரின் கம்பெனி பஸ்ஸும் போய்விடும். செயின் வட்டி கிரிட்டிக்கல். வாடகை மேஜர், ஏனென்றால் வீட்டுக்காரர் பத்து நாள் பொறுப்பார். கரண்ட் பில் மேஜர். கேஸ் மேஜர். போன் தவணை மேஜர், தவறினால் அபராதம். அப்பாவின் மாத்திரையை முதலில் மேஜரில் போட்டுவிட்டு, பிறகு வெட்கப்பட்டு மேலே ஏற்றினேன். மளிகைக் கடை பாக்கி மைனர்.

கடைசியாக ஆபாவின் கைமாத்து, பன்னிரண்டாயிரம். வட்டி பூஜ்யம். கெடு என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை.

ஆபா எங்கள் பக்கத்து வீடு. தெருவில் எல்லாருக்கும் அவர் ஆபாதான். உருதுவில் அக்கா என்று பொருள். கணவர் இறந்துபோய், மகளைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, தனியாக இருப்பவர். ஷூவின் மேல்பாகமான அப்பரை வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார். எனக்கும் அவருக்கும் இடையே ஒரு செங்கல் சுவர்தான். அவருடைய மிசின் சத்தத்தில்தான் நான் பரீட்சைக்கெல்லாம் படித்தேன். என்னைப் 'பேட்டி' என்று கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். சின்ன வயதில் அதைச் செய்தித்தாள் பேட்டி என்று நினைத்து, கேள்வி கேட்கப்போகிறார் என்று பயந்து நின்றிருக்கிறேன்.

அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று, யாரும் கேட்காமலே ஆபா பணத்தை அம்மாவின் கையில் திணித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எப்போ ஆபா திருப்பித் தரட்டும்?" என்றாள் அம்மா.

"இருக்கறப்ப குடு. போ, போ, வண்டி நிக்குது."

'இருக்கறப்ப' என்பதைத் தேதிக் கட்டத்தில் எழுத முடியாது. நான் அதைக் காலியாக விட்டேன். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்ததும் கெடு வாரியாக வரிசைப்படுத்துவேன். காலிக் கட்டத்தை எக்செல் எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடும். அப்படித்தான் அது ஒன்பதாவது வரி ஆனது.

மூன்று மாதம் பிடித்துப் பிடித்துச் சேர்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவை விட்டு நடந்தேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பழைய கண்ணாடியிலேயே தையல் பார்த்தேன். மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் நோட்டைத் திறக்கிற மாதிரி பாவனை செய்வார், நான் அந்தப் பக்கம் போவதை விட்டேன். மாதத்தின் பத்தொன்பதாம் தேதி, பதினாலாயிரத்து நானூறு என் கணக்கில் முழுதாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. படி ஏறி முடித்ததும் கால் வலிப்பது தெரியுமே, அப்படி இருந்தது.

அன்று மாலைதான், நான் பஸ் இறங்கி வரும்போது, ஆபா அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"பேட்டி, ஒரு ஐநூறு ரூபா இருக்குமா? கைமாத்தா. ரெண்டு நாள்ல குடுத்துடறேன்."

"இருக்கு ஆபா." பர்ஸில் அறுநூற்றைம்பது இருந்தது. ஐநூறை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. "சாப்பிட்டீங்களா ஆபா?" என்றேன். "ஆச்சி ஆச்சி" என்று உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்து, புதிதாக ஒரு தலைப்புப் போட்டேன்: வரவேண்டியது. அதன் கீழே, ஆபா, ஐநூறு, இருபத்தொன்றாம் தேதி. இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. அந்தப் பட்டியலில் முதல்முறையாக எங்களுக்கு யாரோ தர வேண்டியிருந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கம்பெனி யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்டும் பயிற்சியைச் செய்யாமல், செய்வதுபோல் இருந்தார். நான் வழக்கம்போல் பட்டியலைப் படித்தேன். செயின் வட்டி ரெடி. குழு லோன் ரெடி. கேஸ் அடுத்த மாதம். கடைசியில், "வரவேண்டியது ஐநூறு. ஆபாகிட்ட. ரெண்டு நாள் தாண்டிடுச்சி" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "இன்னாது?"

"ஐநூறு ரூபா கைமாத்து கேட்டாங்க. குடுத்தேன்."

"ஆபாவா? உங்கிட்டயா? எப்போ?"

"பத்தொம்பதாந்தேதி."

"நீ இன்னா சொன்ன?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா மெதுவாகச் சொன்னாள். "அவங்க உங்கிட்ட கடன் கேக்கலடி. அவங்க காசைக் கேட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டாயிரம் நாங்கள் தர வேண்டும், அதைக் கேட்பதென்றால் அதைத்தானே கேட்க வேண்டும்?

"எப்டி கேப்பாங்க? இருக்கறப்ப குடுன்னு அவங்க வாயால சொல்லிட்டாங்க. சொன்ன வாயால குடுன்னு கேக்க முடியுமா? அதான் ஐநூறு கேக்கறது. வாங்கினவங்களுக்கு ஞாபகம் வரும். 'ஐயோ ஆபா, உங்க பணமே எங்ககிட்ட கீது'ன்னு சொல்லணும். நீ என்னடான்னா ஐநூற எண்ணிக் குடுத்துட்டு, நோட்ல வேற ஏத்திக்கினு..."

"டிப்ளமோ படிச்ச புள்ளை" என்றார் அப்பா, சுவரிடம்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "அந்த வீட்ல மிசின் சத்தம் கேட்டு எத்தினி நாளாச்சி?" என்றாள்.

பன்னிரண்டு நாள். அதுதான் கொடுமை. எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே கவனித்தேன். ஆபாவுக்கும் ஆர்டர் கம்மி போல என்று மனதுக்குள் ஒரு பெயர் கொடுத்து, அதை அப்படியே வைத்துவிட்டேன். அம்மா வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தும் போய்க் கேட்கவில்லை. போனால் கையில் எதையாவது கொண்டு போக வேண்டும் என்று அவள் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

ஆபா சேமியா கொடுத்தனுப்பிய டப்பா ஒன்று எங்கள் அலமாரியில் இருந்தது. வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதில் உருவிய முருங்கைக்கீரையை அடைத்து என் கையில் கொடுத்தாள். "போய்ப் பாத்துட்டு வா. எதுவும் கேக்காத."

ஆபா தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் யாரோ தைத்த அப்பர்கள் மலையாகக் கிடந்தன. பிசிறு நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். தைக்கிற கூலியில் கால்வாசிகூட வராத வேலை அது. என் கம்பெனியிலிருந்தே வெளியே போகும் வேலை, அதனால் எனக்கு அதன் ரேட் தெரியும்.

"வா பேட்டி. இன்னா, ஐநூறு வசூலுக்கு வந்துட்டியா?"

"ஐயோ ஆபா!"

"பயந்துட்டா பாரு" என்று சிரித்தார். பற்களில் வெற்றிலைச் சிவப்பு.

மிசின் மூலையில் இருந்தது. தலைமேல் பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"காய்ச்சல் அதுக்கு. போத்தினு படுத்துனு கீது."

"மெக்கானிக் வந்தாரா?"

"வந்தாரு. நாடி பாத்தாரு. மோட்டார் போச்சி, உள்ள போர்டும் போச்சின்னாரு. பதினோராயிரம் ஆவும்னாரு. நான் சொன்னேன், அதுக்கு நீ புதுசா ஒரு நிக்காவே பண்ணி வெச்சிடலாமேப்பான்னு."

எதுவும் கேட்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனாலும் கேட்டேன். "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே ஆபா?"

அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்து கீரையைப் பார்த்தார். "உங்கப்பா இப்ப எப்டி நடக்கறாரு? குச்சி இல்லாம வாசல் வரைக்கும் வர்றாரா?"

அதுதான் பதில். எனக்கே அது புரிந்தது.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். "மாசம் மூவாயிரம். நாலு மாசத்துல முடிச்சிடலாம். இந்த மாசம் மூவாயிரத்தைச் செயின் பணத்துலேர்ந்து எடுத்துட்டு, அதை..."

"கைமாத்துக்குத் தவணை கிடையாது" என்றாள் அம்மா. "மொத்தமா குடுத்தாங்க."

"அப்ப செயின்?"

அம்மா மடித்த யூனிஃபார்மையே மறுபடி மடித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து மிசின் சத்தம் இல்லை. அந்தச் சுவர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

"என் கால்ல இருக்கற பிளேட்டக் கழட்டி வெச்சா எவ்ளோ தேறும்?" என்றார் அப்பா.

"இரும்புக்கடையில கேட்டுட்டு வர்றேன், இருங்க" என்றாள் அம்மா.

நான் சிரிக்கவில்லை. பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை மேலே தள்ளி, ஒன்பதாவது வரியைத் திரையின் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஆணி முனை வெளியே தெரியாது. ஷூவுக்குள் கையை விட்டுத் தடவ வேண்டும். மேலே பளபளப்பாக, ஒரு கறைகூட இல்லாத ஜோடியிலும் தடவ வேண்டும். தினமும் நூற்றுக்கணக்கான ஷூக்களுக்குள் கையை விடுகிறேன். இந்தக் கடன் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது, வட்டி இல்லை, கெடு இல்லை, நோட்டீஸ் இல்லை. நான் கையை விடவே இல்லை. செயினுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மிசின் நின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

எழுந்து செருப்பை மாட்டினேன். "ஏ.டி.எம். போறேன்."

"எவ்ளோ எடுக்கப் போற?"

"பதினொண்ணு ஐநூறு."

"ஏன்?"

"ஐநூறு ஏற்கெனவே குடுத்துட்டேன்ல."

அம்மா என்னைப் பார்த்த பார்வையைத் தரம் பிரித்தால் கிரிட்டிக்கல்தான். "பன்னெண்டு எடு. அந்த ஐநூறு வேற."

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா சுவர்க் கண்ணாடிக்கு முன் நின்று, தலையைச் சாய்த்து, இடது காதுக் கம்மலின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தடுக்க என்னிடம் வேறு யோசனை இருந்தால்தானே.

பணத்தை ஆபாவிடம் கொடுத்தபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பெட்ஷீட்டைத் தூக்கி, பணத்தை மிசினுக்கு அடியில் வைத்தார்.

"எண்ணிப் பாருங்க ஆபா."

"நீ எண்ணிருப்ப. மூணு தடவ எண்ணிருப்ப."

நாலு தடவை எண்ணியிருந்தேன்.

"லேட் ஆயிடுச்சி ஆபா" என்றேன்.

"இன்னா லேட்? இருக்கறப்ப குடுன்னேன். இருந்துது, குடுத்த." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பர் குவியலை ஒரு பக்கமாகத் தள்ளினார், மெக்கானிக் உட்கார இடம் செய்வதுபோல.

மறுநாள் அம்மா பஜாரில் ஒரு சேட்டு கடையில் கம்மலை வைத்தாள். பதிமூன்றாயிரம் கேட்டோம், பன்னிரண்டு கொடுத்தார். மூட்டைமூட்டையாகச் செயின்களும் வளையல்களும் பார்த்த மனிதர், அந்தச் சின்னக் கம்மலை விரலில் உருட்டிவிட்டு, "அர்ஜென்ட்டா?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்ததும், நடைபாதைக் கடையில் அறுபது ரூபாய்க்குக் கவரிங் கம்மல் வாங்கிக் காதில் போட்டுக்கொண்டாள். வெறுங்காதோடு பஸ்ஸில் ஏற மாட்டாள்.

இருபத்தேழாம் தேதி செயினுக்கு வட்டி கட்டினோம். கவுன்ட்டரில் இருந்த பெண் ரசீதைக் கொடுத்து, "அடுத்த வருஷமாவது அசலையும் கொஞ்சம் குறைச்சிடுங்க மேடம்" என்றாள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அம்மா தலையாட்டினாள். செயின் பிழைத்தது. அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அதே பெட்டகத்தில் அதே கவரில் இன்னொரு வருடம் கிடக்கும், அவ்வளவுதான்.

ஆபாவின் வரி போய், கம்மல் என்று ஒரு வரி வந்தது. அதற்கு வட்டி உண்டு, கெடு உண்டு. வரிசைப்படுத்தியதும் நேராக மூன்றாம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஆக மொத்தம் ஒன்பது. மூன்று மாதம் நடந்து சேர்த்து, கடைசியில் அதே ஒன்பது. அன்று வேலை விட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். கோபமோ அழுகையோ இல்லை. கண் மட்டும் எரிந்தது. பழைய கண்ணாடி.

நாலைந்து நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் மிசின் ஓட ஆரம்பித்தது. புது மோட்டார் சத்தம் மெல்லியதாக இருந்தது, பழகவில்லை. அப்பாதான் முதலில் கேட்டார். "குணமாயிடுச்சி போல."

தண்ணீர் வருகிற நாளில், குழாயடியில், ஆபா அம்மாவை உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா, புதுக் கம்மலா? ஜோராக் கீது."

"ஆமா ஆபா. தங்கத்தவிட இது ஜாஸ்தி மினுக்குது."

இருவரும் சிரித்தார்கள். ஆபாவின் சிரிப்பு முதலில் நின்றது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவின் காதையே இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா செத்துப்போயிருப்பாள். அது அவருக்கும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை மாலை, ஆபா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஐநூறு ரூபாய் நோட்டு.

"இந்தா பேட்டி. உங்கிட்ட வாங்கின கைமாத்து. ரெண்டு நாள்னேன், ஜாஸ்தி ஆயிட்ச்சி. வட்டி கிட்டி எழுதி வெச்சிருக்கியா?"

"ஐயோ வேணாம் ஆபா, அது..."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வாங்கிக்கோடி."

வாங்கிக்கொண்டேன். ஆபா போன பிறகு போனைத் திறந்தேன். 'வரவேண்டியது' என்ற தலைப்பின் கீழே அந்த ஒரே வரி இருந்தது. அதை அழித்தேன். தலைப்பையும் அழித்தேன்.

மறுநாள் செவ்வாய். அந்த ஐநூறு காலை ஏழு மணிக்குக் குழுவுக்குப் போனது.